கேம் செயின் சத்தமும் அந்த இரண்டு போல்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி பதில் பகுதியில், மோட்டார் சைக்கிள் இன்ஜினின் மேல்பாகத்தில் வரும் கரகர சத்தத்துக்குச் சொல்லப்பட்ட பதில் பற்றியது இந்தக் கடிதம். சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் கேம் செயின் டென்ஷனரின் (அந்தச் செயினைத் தளராமல் வைக்கும் பாகம்) இரண்டு போல்ட்டையும் இரண்டு மூன்று சுற்று தளர்த்தி மறுபடி முறுக்கிவிட்டால், உள்ளிருக்கும் ஸ்பிரிங் தளர்வைத் தானே எடுத்துக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும் என்கிறது அந்தப் பதில். சத்தம் நிற்பது உண்மைதான். அதனால்தான் இந்த யோசனை இத்தனை காலம் பட்டறைக்குப் பட்டறை கைமாறி வந்திருக்கிறது. ஆனால் தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் செயினும் அதைத் தாங்கும் பட்டையும் நாசமாகும்.

பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதற்காகக் கிராங்க்கில் 16 பல் இருந்தால் கேமில் 32 பல் இருக்கும். இரண்டையும் இணைப்பது கேம் செயின். டைமிங் செயின் என்பதும் இதைத்தான். ஓடும்போது செயினின் முன்பக்கம் இழுபட்டு விறைப்பாக இருக்கும், பின்பக்கம் தளர்ந்திருக்கும். முன்பக்கம் அசையாத கைடு. பின்பக்கம் வில்லாக வளைந்த பட்டை. அந்தப் பட்டையின் அடிமுனை ஒரு பின்னில் தொங்க, முதுகை டென்ஷனரிலிருந்து நீளும் பிளஞ்சர் என்ற சிறு தண்டு தள்ளிக்கொண்டிருக்கும். வால்வு ஸ்பிரிங்குகள் கேமை ஒரு கணம் தடுக்கும், மறுகணம் முன்னே தள்ளும். செயினில் உள்ள இழுவை இப்படி விட்டு விட்டுத்தான் வரும். தளர்வு அதிகமானால் பின்பக்கச் செயின் சாட்டைபோல வீசி, பட்டையிலும், தான் ஓடும் சுரங்கத்தின் சுவரிலும் அடிக்கும். நாம் கேட்பது அந்த அடியைத்தான்.

இனி அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1970-களின் ஹோண்டா சிபி வரிசை வண்டிகளில் இருந்தது அரைத் தானியங்கி வகை. ஸ்பிரிங் பிளஞ்சரைத் தள்ளும். பக்கவாட்டில் ஒரு பூட்டு போல்ட் பிளஞ்சரை அழுத்திப் பிடித்திருக்கும். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை லாக் நட்டைத் தளர்த்தி, பூட்டு போல்ட்டைச் சற்றே விட்டால், ஸ்பிரிங் தளர்வை எடுத்துக்கொள்ளும். மறுபடி பூட்ட வேண்டியதுதான். சர்வீஸ் மேனுவலே சொல்லும் வேலை அது. அங்கேகூடத் தளர்த்த வேண்டியது பூட்டு போல்ட்டை மட்டுமே. டென்ஷனர் பாடியைச் சிலிண்டரோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை யாரும் தொடச் சொல்லவில்லை. காலப்போக்கில் பூட்டு போல்ட் போய்விட்டது, தளர்த்தி முறுக்கும் பழக்கம் மட்டும் மிஞ்சி இந்த இரண்டு போல்ட்டின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

இப்போது வரும் தானியங்கி டென்ஷனர் பெரும்பாலும் மூன்று விதம். ஒன்று ராட்செட் வகை: பிளஞ்சரின் முதுகில் ரம்பம்போல் பல், அதில் விழும் சிறு கொக்கி. பிளஞ்சர் வெளியே வரலாம், உள்ளே திரும்ப முடியாது. இரண்டாவது திருகு வகை: உள்ளே சுருள் ஸ்பிரிங் ஒரு மரைத்தண்டைச் சுழற்ற, பிளஞ்சர் வெளியே வரும்; மரையின் சாய்வு குறைவாக இருப்பதால் பிளஞ்சரை அழுத்தினால் தண்டு திரும்பிச் சுழலாது. மூன்றாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகை. முதல் இரண்டுக்கும் பொதுவான குணம், வெளியே வந்த பிளஞ்சர் தானாக உள்ளே போகாது என்பது. செயின் தேயத் தேய ஒரு பல், இன்னொரு பல் என்று முன்னேறி, அங்கேயே நிற்பதற்காகத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

இந்தக் குணம் உள்ள டென்ஷனரின் இரண்டு போல்ட்டை மூன்று சுற்று தளர்த்தினால் என்ன நடக்கும்? 6 மி.மீ. போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். பாடி 3 மி.மீ. பின்வாங்கும், ஸ்பிரிங் பிளஞ்சரை 3 மி.மீ. வெளியே தள்ளும், அங்கே அது பூட்டிக்கொள்ளும். இப்போது போல்ட்டை முறுக்கினால் பாடி 3 மி.மீ. முன்னே வரும், பிளஞ்சருக்குப் பின்னால் போக வழியில்லை. அந்த 3 மி.மீ. முழுவதும் பட்டை வழியாகச் செயினின் மேல் ஏறும். 10 நியூட்டன் மீட்டரில் முறுக்கிய 6 மி.மீ. போல்ட் ஒன்று ஏறத்தாழ 8,000 நியூட்டன், அதாவது சுமார் 800 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கும். அப்படி இரண்டு போல்ட். விரலால் அமுக்கிவிடக்கூடிய ஒரு ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை இவை செய்தால் செயின் கம்பிபோல விறைக்கும். கரகர போய்விடும், சில நாளில் ‘வ்வீங்’ என்ற மெல்லிய ஊளை தொடங்கும். பிறகு பட்டையின் ரப்பரோ நைலானோ உரிந்து ஆயிலில் விழும், கேமின் தாங்கிகள் ஒரு பக்கமாகத் தேயும். போல்ட்டை முறுக்கும்போதே ராட்செட் பல் சிதைவதும், பாடியின் அலுமினியக் காது விரிசல் விடுவதும் உண்டு. அப்படி உடனே உடைந்துபோனால் அது நல்லகாலம் என்றே சொல்வேன், விஷயம் அப்போதே தெரிந்துவிடுகிறதே.

டென்ஷனரைத் தொடுவதற்கு முன், சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பதிலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் ஆயில் அளவையும் ஐட்லிங்கையும், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தையும் பாருங்கள். ஐட்லிங் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் இருக்க வேண்டிய இன்ஜின் 1,000-ல் தடுமாறி ஓடினால், கிராங்க் வெட்டி வெட்டிச் சுற்றும், நல்ல செயின்கூடச் சலசலக்கும். அதைச் சரிசெய்தாலே பாதிப் புகார்கள் தீரும். அடுத்தது டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. 1,400 சுற்றில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 700 தடவை திறக்கிறது, வினாடிக்குச் சுமார் 12. டாப்பெட் சத்தம் அந்தக் கணக்கில் தையல் இயந்திரம்போல ஒரே சீராக ‘டிக் டிக்’ என்று ஹெட் கவரிலிருந்து வரும். செயின் சத்தத்துக்கு அந்தச் சீர் இல்லை. பெட்டியில் சில்லறையைக் குலுக்குவதுபோல ஒழுங்கற்றது, சிலிண்டரின் ஒரு பக்கத்திலிருந்து, அதாவது செயின் ஓடும் சுரங்கத்தின் பக்கத்திலிருந்து வரும். ஆக்சிலரேட்டரை 3,000 வரை முறுக்கிச் சட்டென்று விட்டால், சுற்று இறங்கும்போது அது பளிச்சென்று கேட்கும்; கிராங்க் வேகம் குறைய, கேம் தன் வேகத்தில் தொடர, தளர்வு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு இடம் மாறுகிற நேரம் அது.

கிளட்ச் லீவரைப் பிடித்தவுடன் சத்தம் மாறினால் கிளட்ச் கூடையையோ பிரைமரி கியரையோ சந்தேகியுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் மந்தமாக அடித்து, சூடானதும் மறைந்தால் பிஸ்டன். சைலன்சர் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிந்தால் அதுவும் டாப்பெட்போலவே டிக் டிக் என்று ஏமாற்றும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை டென்ஷனர் பாடியில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்டால் இடம் தெளிவாகும்; சூடான சைலன்சரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிரில் செயின் சற்றுக் கூடுதலாகச் சத்தம் போடுவதற்கு இயற்பியல் காரணமே இருக்கிறது. சிலிண்டர் அலுமினியம், செயின் எஃகு. கிராங்க்குக்கும் கேமுக்கும் இடையே 200 மி.மீ. தூரம் இருந்து, 80 பாகை சூடேறினால், அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ 0.17 மி.மீ. கூடுதலாக விரியும். அந்த அளவு செயின் தானே விறைக்கும். ஆகவே காலையில் ஒரு சில வினாடி கேட்டு அடங்கும் சத்தத்துக்காக யாரும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். சூடான பிறகும் ஐட்லிங்கில் நிற்காமல் தொடர்ந்தால் வேலையைத் தொடங்கலாம்.

திருகு வகையில் பிரிக்காமலேயே ஒரு சோதனை செய்யலாம். டென்ஷனரின் பின்முனையில் சிறு மூடி போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே தண்டின் முனையில் வெட்டுக்கோடு தெரியும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரை அதில் செருகி, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, பிளஞ்சர் வெளியே வரும் திசையில் விரல்நுனி அழுத்தம் மட்டும் கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது இடச்சுற்று. சத்தம் உடனே நின்றால் செயினும் பட்டையும் இன்னும் தாங்கும், ஸ்பிரிங்தான் சோர்ந்துவிட்டது. எந்த மாற்றமும் இல்லையென்றால் ஒன்று சத்தம் வேறிடத்திலிருந்து வருகிறது, அல்லது பிளஞ்சர் கடைசிவரை வந்து நின்றுவிட்டது. பலம் கொடுத்துத் திருகக் கூடாது. அந்தத் தண்டு மெலிது, தவிர நாம் அளவு மீறி இறுக்கியதும் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கழற்றும் முறைக்கு வருகிறேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டென்ஷனரைச் சுற்றியுள்ள மண்ணை பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். பாடி வெளியே வந்ததும் அந்தத் துளை நேரே இன்ஜினுக்குள் திறக்கிறது. பல வண்டிகளில் கார்புரேட்டரோ திராட்டில் பாடியோ குறுக்கே நிற்கும், அதை நகர்த்த வேண்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கிராங்க் கையால் லேசாகச் சுற்றும். கிராங்க் முனையில் மின்சாரம் தரும் மேக்னட்டின் கவரிலுள்ள இரண்டு மூடிகளையும் எடுத்து, உள்ளே சுழலும் ரோட்டரிலுள்ள ‘டி’ கோட்டை கவரின் குறியோடு சேருங்கள். டாப்பெட் மூடியைத் திறந்து இரண்டு ராக்கரிலும் சிறு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது கம்ப்ரஷன் மேல்புள்ளி, அதாவது காற்றை அழுத்தி முடித்து பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை. இல்லையென்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. அந்த நிலையில் வால்வுகள் மூடியிருப்பதால் கேமை எந்த ஸ்பிரிங்கும் தள்ளாது. வேறு நிலையில் டென்ஷனரை உருவினால், வால்வு ஸ்பிரிங் கேமைச் சட்டென்று உருட்டி, தளர்ந்த செயின் பல் தாண்டிவிடலாம். இரண்டு, நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் பெரும்பாலான நிலைகளில் ஏதாவது ஒரு வால்வு அழுந்தியே இருக்கும் என்பதால், ஹெட் கவரைத் திறந்து செயினைக் கேம் பல்சக்கரத்தோடு கட்டிவைத்துவிட்டுத்தான் டென்ஷனரை எடுக்க வேண்டும். டென்ஷனர் வெளியே இருக்கும்வரை கிராங்க்கைத் தொடக் கூடாது. கிக்கரில் கால் படுவதும் கியரில் வண்டியை நகர்த்துவதும் இதில் அடக்கம்.

ராட்செட் வகையில் முதலில் நடுவிலுள்ள பெரிய மூடி போல்ட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள். மூடி வரும்போது ஸ்பிரிங் உந்தும், கையால் அமுக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகே இரண்டு போல்ட். இந்த வரிசைக்கு ஒரு பலன் உண்டு. ஸ்பிரிங் இல்லாததால் பிளஞ்சர், வேலை செய்துகொண்டிருந்த அதே நீளத்தில் நின்றபடி வெளியே வரும். பாடி சிலிண்டரில் உட்காரும் முகத்திலிருந்து பிளஞ்சர் நுனிவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பிளஞ்சரைக் கடைசிவரை இழுத்து மறுபடி அளந்து பாருங்கள். நோய் எங்கே என்று இந்த இரண்டு எண்ணும்தான் சொல்லும். பயணத்தின் முதல் பாதியிலேயே பிளஞ்சர் நின்றிருந்து, சத்தமும் இருந்தால் குற்றம் டென்ஷனருடையது. கடைசிக் கால் பங்கில் நின்றிருந்தால் செயினும் பட்டையும் முடிந்துவிட்டன. புதிய டென்ஷனர் போட்டும் பயனில்லை, பிளஞ்சர் எட்ட வேண்டிய இடம் அதற்கு எட்டாது. சத்தம் போகவில்லை என்று டென்ஷனரை இரண்டு, மூன்று முறை மாற்றும் கதைகள் எல்லாம் இந்த அளவை எடுக்காததால் வருபவை.

திருகு வகையில் மூடி போல்ட்டை எடுத்தபின், தண்டைப் பெரும்பாலும் வலச்சுற்றில் திருப்பினால் பிளஞ்சர் உள்ளே போகும். திசையில் சந்தேகம் வந்தால் கையே சொல்லும்: ஸ்பிரிங் எதிர்த்து, திருகத் திருகக் கனத்தால் அதுதான் உள்ளே போகும் திசை. முழுக்க உள்ளே போனதும், 1 மி.மீ. தகட்டில் வெட்டிய சாவியைப் பாடியின் வெட்டில் மாட்டினால் தண்டு திரும்பாமல் நிற்கும். கழற்றும்போது எத்தனை சுற்று உள்ளே போயிற்று என்று எண்ணி வைத்துக்கொண்டால், பிளஞ்சர் எவ்வளவு தூரம் வெளியே இருந்தது என்பது இந்த வகையிலும் கிடைக்கும்.

வெளியே வந்த டென்ஷனரை மண்ணெண்ணெயில் கழுவிச் சோதியுங்கள். ராட்செட்டில் கொக்கியை விரலால் தூக்கினால் பிளஞ்சர் வழுவழுப்பாக உள்ளே போக வேண்டும். விட்டதும் கட்டைவிரலால் முழுப் பலத்தோடு அழுத்தினாலும் நகரக் கூடாது. ஒரு பல் நழுவினாலும் அது குப்பைக்கு. கொக்கியின் கூர் மழுங்கியிருக்கிறதா, ஒரே இடத்தில் உள்ள இரண்டு மூன்று பல் மட்டும் பளபளக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். திருகு வகையில் சாவியை எடுத்ததும் பிளஞ்சர் தயங்காமல் முழு நீளமும் துள்ளி வர வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் திக்கினால் மரை அங்கே தேய்ந்திருக்கிறது, ஓடும் அதிர்வில் அங்கேதான் பின்வாங்கும். பிளஞ்சர் பாடிக்குள் பக்கவாட்டில் ஆடினாலும் மாற்ற வேண்டியதுதான்.

சோர்ந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவதும், அதன் அடியில் வாஷர் வைப்பதும் பரவலாக நடக்கிறது. நீட்டிய ஸ்பிரிங் சூட்டில் மறுபடி சோர்ந்துவிடும். வாஷர் வைத்தால் விசை கூடும், அதோடு பட்டையின் தேய்மானமும் கூடும். சில மாடலில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்பிரிங் வெறும் கட்டையாகிவிடும். டென்ஷனர் முழுதாகக் கிடைக்கும் பாகம். அதை மாற்றுவதுதான் வேலை.

மாட்டும்போது ஒரே விதி: பிளஞ்சர் முழுக்க உள்ளே இருக்கும் நிலையில்தான் பாடி சிலிண்டரில் உட்கார வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். பாடியில் மேல்பக்கத்தைக் காட்டும் குறி இருந்தால் அதை மதியுங்கள். இரண்டு போல்ட்டையும் முதலில் கையால் இறுக்கி, பிறகு மாற்றி மாற்றி 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். போல்ட் இறங்கும்போதே பாடி தடுக்கிறது, முகம் சிலிண்டரில் படியவில்லை என்றால் நிறுத்துங்கள். பிளஞ்சர் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். போல்ட்டை வைத்து அதை இழுத்து உட்காரவைக்க முயல்வதும், நான் மேலே சொன்ன தளர்த்தி முறுக்கும் வேலையும் ஒன்றுதான். பாடி படிந்த பின், ராட்செட் வகையில் ஸ்பிரிங்கையும் புதிய வாஷரோடு மூடி போல்ட்டையும் போட வேண்டும்; முறுக்கும்போது ‘கிளிக், கிளிக்’ என்று பல் ஏறும் சத்தம் கேட்கும். திருகு வகையில் சாவியை உருவினால் ‘டக்’ என்று பிளஞ்சர் பட்டையைத் தொடும். பிறகு மூடி போல்ட், புதிய ஓ-ரிங்கோடு. இந்தச் சின்ன போல்ட்டை மட்டும் வீரம் காட்டி முறுக்காதீர்கள், அலுமினிய மரை போய்விடும்.

உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. கிராங்க்கில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே, மெதுவாக நான்கு சுற்று சுற்றுங்கள். மேக்னட் இடப்பக்கம் இருக்கும் பெரும்பாலான வண்டிகளில் அது இடச்சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் தளர்வு முன்பக்கம் போய்விடும். நான்கு சுற்றின் முடிவில் ‘டி’ கோடு குறியோடு சேரும்போது, கேம் பல்சக்கரத்தின் கோடுகளும் மேனுவலில் காட்டியபடி, பல வண்டிகளில் ஹெட்டின் விளிம்புக்கு இணையாக, நிற்க வேண்டும். 32 பல் உள்ள சக்கரத்தில் ஒரு பல் தவறினால் கேமில் 11.25 பாகை, கிராங்க்கில் 22.5 பாகை பிசகும். அந்தப் பிசகில் இன்ஜின் இழுவையில்லாமல் திணறலாம், இரண்டு மூன்று பல்லானால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். சுற்றும்போது எங்கேயாவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்தி மேலே திறந்து பாருங்கள். எல்லாம் சரியென்றால், பிளக்கை மாட்டும் முன் கிக்கரைச் சில முறை மிதித்து ஆயிலை மேலே ஏற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம்.

செயின் தேய்ந்திருக்கிறது என்று பிளஞ்சர் சொல்லிவிட்டால் அதையும் அளந்து உறுதி செய்யலாம். 6.35 மி.மீ. பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரையுள்ள தூரம்) உள்ள செயினில் 20 கண்ணி புதிதில் 127 மி.மீ. இருக்கும். செயினை இழுத்துப் பிடித்து, பின்னுக்குப் பின் காலிப்பரால் அளந்து, மேனுவல் தரும் எல்லையோடு ஒப்பிடுங்கள். நீட்சி என்று சொல்கிறோமே தவிர எஃகு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் தேய்வதுதான் நீளமாகக் கூடுகிறது. கண்ணிக்கு 0.06 மி.மீ. தேய்ந்தால், 92 கண்ணிச் செயின் ஐந்தரை மி.மீ. நீண்டுவிடும். அதே தேய்மானம் விறைப்பாக உள்ள முன்பக்கத்தையும் நீட்டுவதால், கேம் சுமார் 4 பாகை, கிராங்க் கணக்கில் 8 பாகை பின்தங்கும். தாழ்ந்த சுற்றில் வண்டி மந்தமானதற்குக் கார்புரேட்டரைக் குற்றம் சொல்பவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம். டென்ஷனர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தப் பின்தங்கலைச் சரிசெய்ய முடியாது, அது பின்பக்கத் தளர்வை மட்டுமே எடுக்கும்.

செயினை மாற்றினால் பட்டையையும் கைடையும் சேர்த்தே பாருங்கள். செயினின் பக்கத்தகடுகள் அதில் இரண்டு இணைகோடுகளாகப் பள்ளம் போட்டிருக்கும். பள்ளம் ரப்பரின் பாதிக் கனத்தைத் தாண்டியிருந்தாலோ, ஓரம் உரிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். ஆயில் சல்லடையில் கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் அளக்கவே தேவையில்லை. பல்சக்கரத்தின் பல் கொக்கிபோலச் சாய்ந்திருந்தால் அதுவும் போக வேண்டும், புதுச் செயினைப் பழைய பல் சீக்கிரம் தின்றுவிடும். சில இன்ஜின்களில் செயினை வெட்டி, பழையதன் முனையில் புதியதைக் கட்டி இழுத்து, ரிவெட் அடித்து இணைக்கலாம். கிளிப் போட்ட இணைப்பு இங்கே ஆகாது. ரிவெட் அடிக்கும் கருவி இல்லாதவர்கள் மேக்னட்டையோ கிளட்ச் பக்கத்தையோ பிரித்து முழு வளையச் செயினே போடுவது நல்லது.

ஹைட்ராலிக் வகை பற்றிச் சுருக்கமாக. இதில் பிளஞ்சருக்குப் பின்னால் ஆயில் தேங்கி, ஒரு சிறு குண்டு வால்வு அதைத் திரும்ப விடாமல் தடுக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு வினாடி சலசலப்பது சகஜம். அதற்கு மேல் நீடித்தால் குண்டு வால்வில் அழுக்கு, அல்லது ஆயில் துளை அடைப்பு. அடைப்புக்கு ஒரு காரணம் பேக்கிங்குக்குப் பதில் தாராளமாக அப்பிய சிலிக்கான். பிதுங்கி உள்ளே போய்த் துளையில் உட்கார்ந்துவிடும். ஆயில் கிரேடு மேனுவல் சொன்னதுதான். சத்தத்தை அமுக்க கெட்டியான ஆயில் ஊற்றினால், குளிரில் அது டென்ஷனருக்குப் போய்ச் சேரத் தாமதமாகி சத்தம் கூடவே செய்யும்.

தானியங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, போல்ட்டும் லாக் நட்டும் கொண்ட கை டென்ஷனர் போட்டுக்கொள்வோரும் இருக்கிறார்கள். பின்வாங்கவே முடியாது என்பது அதன் பலம். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் சிறிதும் தளர்வில்லாமல் இறுக்கினால், மேலே சொன்ன அலுமினிய விரிவு செயினைச் சூட்டில் முறுக்கேற்றிவிடும். மிக மெல்லிய சலசலப்பு மிஞ்சும்படி வைத்து, ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கவனம் உள்ளவர்களுக்குச் சரி. தினசரி ஓடும் வண்டிக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கடிதம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். கேட்பது சிறிய திருத்தம்தான்: தானியங்கி டென்ஷனர் உள்ள வண்டிகளில் அந்த இரண்டு போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கக் கூடாது, தளர்த்தினால் பாடியை வெளியே எடுத்து, பிளஞ்சரை உள்ளே தள்ளிப் பூட்டிய பிறகே மாட்ட வேண்டும் என்று அதே பகுதியில், அதே எழுத்து அளவில் வெளியிடுங்கள். அந்தப் பதிலைப் படித்து ஏற்கெனவே முறுக்கிவிட்டவர்கள், ஊளைச் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், வண்டியை மேலும் ஓட்டாமல் டென்ஷனரைக் கழற்றிப் பிளஞ்சரை உள்ளே தள்ளி மாட்டிவிட்டு, ஆயிலை வடித்துச் சல்லடையைப் பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்